ஒன்பது பேர் போட்ட தளம்

வீட்டை விற்க வேண்டுமென்றால் அதில் ஆள் குடியிருந்த சுவடே தெரியக் கூடாதாம். புரோக்கர் அய்யப்பன் சொன்னான். கச்சிராயபாளையத்தில் மனையோ வீடோ மாடோ, எது கைமாறினாலும் நடுவில் நிற்கிறவன் அவன்தான். அதனால் தான் சொல்வதை எல்லாரும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவனுக்கு ஓர் எண்ணம். சாலம்மாளுக்கு அப்படி ஓர் எண்ணம் கிடையாது. ஆனாலும் வீடு விற்றாக வேண்டும் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

வாசலில் சாய்த்து வைத்திருந்த மண்வெட்டிகளை அப்புறப்படுத்தச் சொன்னான், செய்தாள். இருபத்திரண்டு வருஷமாக அவள் தலையில் கலவை சுமந்த இரும்புச் சட்டிகள் இரண்டு சுவரில் மாட்டியிருந்தன. அவற்றைக் கண்ணில் படாமல் வைக்கச் சொன்னான். கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். வெள்ளையடிக்கச் சொன்னான். ஆள் வைக்காமல் தானே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு நாளில் அடித்து முடித்தாள். கடைசியாகக் கூடத்தில் மாலை போட்டிருந்த வேடியப்பன் படத்தைக் காட்டினான்.

"யக்கா, செத்தவங்க படம் மொதல்ல கண்ணுல பட்டா வர்றவங்களுக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடும். அத்த கழட்டி உள்ள வெச்சிடு."

சாலம்மாளுக்குச் சுருக்கென்றது. செத்துப்போனவர் யாரோ இல்லை, அவள் புருஷன். கம்பி கட்டுகிற வேலை பார்த்தவர், போய் இரண்டு வருஷம் ஆகிறது.

"அந்த மனுசன் கட்டன கம்பி மேலதான்டா இந்தக் கூரையே நிக்குது. அவரு இருக்கிற எடத்துலயே இருக்கட்டும். வேற எதனா இருந்தா சொல்லு."

"இருக்குது. ஞாயித்துக்கெழம பார்ட்டி வருது. உளுந்தூர்பேட்ட பைபாஸ்ல டிபன் கடை வெச்சிருக்கிற தனசேகரன். டேம் பக்கத்துல காத்தோட்டமா ஒரு வூடு வேணும்னு ரெண்டு மாசமா தேடிக்கினு இருக்காரு. வூட்டம்மாவையும் இட்டுக்கினு வர்றாரு. அன்னிக்குப் போயி நீ யாருக்கோ விருந்து வெக்கிறியாமே?"

"யாருக்கோ இல்ல. என்கூட வேல பாக்கிற செட்டு ஆளுங்களுக்கு."

"அடுத்த வாரம் வெச்சிக்கயேன்."

"எட்டுப் பேரு வூட்டுக்கும் போயி வெத்தல பாக்கு வெச்சி சொல்லிட்டன். ரெண்டு பேருக்காக கரியாலூரு வரைக்கும் மலையேறிப் போயிட்டு வந்தன். மாத்த மாட்டன். நீ வேணும்னா உன் பார்ட்டிய அடுத்த வாரம் வரச் சொல்லு."

அய்யப்பன் தலையைச் சொறிந்தான். பார்ட்டியை அடுத்த வாரத்துக்குத் தள்ள முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

சாலம்மாள் ஏதோ கஷ்டத்தில் வீட்டை விற்கிறாள் என்று தெருவில் பேச்சு. கஷ்டமெல்லாம் ஒன்றுமில்லை. சின்னசேலத்தில் ஒருவர் தொழிலை விட்டுவிட்டு மகனோடு வெளியூர் போகிறார். அவரிடம் கலவை மெஷின் இருந்தது. கூடவே கான்கிரீட் தாங்குவதற்கு அடியில் அடிக்கிற சென்ட்ரிங் ஷீட்டு, முட்டுக் கொடுக்கிற ஜாக்கி, எல்லாவற்றையும் ஏற்றிப் போக ஒரு பழைய மினி லாரி. மொத்தமாகத்தான் கொடுப்பார். ஆவணி முடிகிற வரைக்கும் அவளுக்காக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். இந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஆவணியின் கடைசி ஞாயிறு. அதை வாங்கிவிட்டால் சாலம்மாள் சித்தாள் இல்லை. தளம் போடுகிற செட்டுக்கு அவளே மேஸ்திரி.

நெருங்கின நாலைந்து பேரிடம் மட்டும் இதைச் சொல்லியிருந்தாள், சிரிக்காதவர்கள் கம்மி. குடியிருக்கிற வீட்டை விற்று எவளாவது இரும்பு வாங்குவாளா என்று கேட்டார்கள். ஆம்பளையாக இருந்து வாங்கியிருந்தால் தொழில் தெரிந்தவன் என்று சொல்லியிருப்பார்கள். அவள் வாங்கினால் மட்டும் புத்தி கெட்டுவிட்டதாம். சரி, கெட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்ளட்டும்.

விருந்து விஷயம் வேறு. அது எட்டு வருஷமாக அவள் நெஞ்சில் கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது.

இந்த வீட்டுக்குத் தளம் போட நாள் குறித்தபோது, அவள் வேலை பார்த்த செட்டின் மேஸ்திரி பிச்சைமுத்து, மெஷினோடு தானே வந்து நின்று போட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். சுவர் எழும்பியிருந்தது. வேடியப்பன் சென்ட்ரிங் அடித்துக் கம்பி கட்டி முடித்திருந்தார். ஜல்லியும் மணலும் வாசலில் குவிந்து கிடந்தன. விடிந்தது. சித்தாள் பெண்கள் எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். மெஷின் மட்டும் வரவில்லை. ஏழு மணிக்கு மேஸ்திரி போன் செய்தார். கள்ளக்குறிச்சியில் ஒரு பெரிய இடத்து வேலை வந்துவிட்டதாம், பகைத்துக்கொள்ள முடியாதாம், அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாமாம்.

அடுத்த மாசம் வரைக்கும் எப்படிக் காத்திருப்பது? வாடகை ஷீட்டை மூன்று வாரத்தில் திருப்பியாக வேண்டும். கல்வராயன் மலை மேல் மேகம் கறுத்து நின்றது. வேடியப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். செட்டில் மூத்தவள் ஆயம்மாள் மலையைப் பார்த்தாள், ஜல்லிக் குவியலைப் பார்த்தாள், முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"மண்வெட்டிய எடுங்கடி" என்றாள்.

அவ்வளவுதான். தரையில் தகரம் விரித்துக் கையாலேயே கலந்தார்கள். தளம் போடுவதில் ஒரு சங்கடம் உண்டு. ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஒட்டுப் போட்ட இடத்தில் பின்னால் கட்டாயம் ஒழுகும். ஆகவே ஒருத்தியும் சாப்பிட உட்காரவில்லை. நாலு பேர் கலக்க, நாலு பேர் சுமக்க, கை மாற்றி மாற்றி, சாலம்மாளோடு ஒன்பது பேர். ஆயம்மாள் மேலே நின்று மட்டப்பலகை பிடித்துச் சமன் செய்தாள். எங்கே கனம், எங்கே வாட்டம் என்று அவள் சொன்னதுதான் சட்டம். பொழுது சாயும்போது கடைசிச் சட்டி மேலே போனது. மழை அதற்குப் பிறகுதான் வந்தது.

தளம் போட்ட அன்றைக்கு வேலை செய்தவர்களுக்கு வீட்டுக்காரர் வயிறார பிரியாணி போட வேண்டும். அது ஊர் வழக்கம், எந்த வீட்டிலும் தவறாது. சாலம்மாள் வீட்டில் தவறிவிட்டது. மழையில் ஆளுக்கொரு பன்னைத் தின்றுவிட்டுப் போனார்கள்.

அதைக்கூட மறந்துவிடலாம். பால் காய்ச்சின அன்று நடந்ததை அவளால் மறக்க முடியவில்லை. அன்றைக்குக் கட்டினவர்களுக்குத் தட்டு வைத்துத் துண்டு போட்டு மரியாதை செய்ய வேண்டும். முதல் தட்டு மேஸ்திரிக்கு. வேடியப்பன் கையைப் பிசைந்தார். பிச்சைமுத்துவை விட்டால் நாளைக்கு வேலை கிடையாது என்றார். பிச்சைமுத்து வெள்ளை வேட்டியில் வந்தார். தான் ஒரு சட்டி கூடத் தூக்காத தளத்தை அண்ணாந்து பார்த்து, "நம்ம கை வேல எப்பிடி?" என்று நாலு பேரிடம் கேட்டார், வேட்டி துண்டை வாங்கிக்கொண்டார், முதல் பந்தியில் உட்கார்ந்தார். எட்டுப் பெண்களும் பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம் இருங்கடி, அவங்க துண்ணுட்டு எழுந்திரிச்சிடட்டும்" என்று அவர்களிடம் போய்ச் சொன்னது வேறு யாருமில்லை, சாலம்மாள்தான். அவர்களுக்குச் சோறு போட்டபோது மணி நாலு. சாம்பார் தீர்ந்து ரசம்தான் மிச்சம். ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதனால் வீடு கைமாறுவதற்கு முன்னால், இந்தக் கூரைக்குக் கீழே, எட்டுப் பேரையும் உட்கார வைத்துச் சோறு போட வேண்டும். அதற்குப் பிறகு யார் வாங்கினால் என்ன, எவர் குடியிருந்தால் என்ன?

சனிக்கிழமை அய்யப்பன் மறுபடி வந்தான். ஒரு சமாதானம் கொண்டு வந்திருந்தான்.

"யக்கா, கொஞ்சம் பொறுமையா கேளு. வர்ற ஆளு மொத கேள்வியே தளம் போட்டது யாருன்னுதான் கேப்பாரு. பொம்பளைங்க கையால கலந்து போட்டதுன்னு சொன்னா வந்த வண்டியிலயே திரும்பிடுவாரு. நான் பிச்சமுத்து மேஸ்திரிகிட்ட பேசிட்டன். நாந்தான் போட்டன்னு ஒரு வார்த்த சொல்றன்னாரு. நீ பொய் சொல்ல வேணாம். வாயத் தொறக்காத, அது போதும். உன் ஆளுங்கள பதினோரு மணிக்குள்ள துண்ணுட்டு போவச் சொல்லு. பார்ட்டி பன்னெண்டு மணிக்குத்தான் வரும்."

"நான் மெஷின் வாங்கறது மேஸ்திரிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வருவாரா? நீ வூட்ட வித்துட்டு உன் மக வூட்டோட போறதா சொல்லி வெச்சிருக்கன்."

சாலம்மாள் யோசித்தாள். சின்னசேலத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிற மெஷின் கண்ணுக்குள் வந்தது. போன வாரம் போய் அதன் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். எட்டுப் பேருக்கும் அதில்தான் பிழைப்பு இருக்கிறது. ஒரு நாள் வாயை மூடிக்கொண்டால் குறைந்தா போய்விடும்?

"சரி. நான் வாயத் தொறக்கல" என்றாள். சொன்ன பிறகு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லாமே தாமதம். கரியாலூர் பஸ் வழியில் நின்றுவிட்டது. மலையிலிருந்து இரண்டு பேரும் வந்து சேரப் பத்தரை ஆகிவிட்டது. அவர்கள் இல்லாமல் இலை போட முடியாது என்று ஆயம்மாள் சொல்லிவிட்டாள். பதினோரு மணிக்குத்தான் கூடத்தில் பாய் விரித்து, எட்டுப் பேரையும் வரிசையாக உட்கார வைத்து, ஆட்டுக்கறி பிரியாணியை அண்டாவோடு நடுவீட்டில் இறக்கினாள். அறைக்குள் ஒரு தட்டில் எட்டுப் புடவைகள் இருந்தன. ஒன்றுக்கொன்று நிறம் வேறு, ஆனால் எல்லாம் ஒரே தரம்.

"இன்னாடி சாலம்மா, கல்யாணம் மாதிரி பண்ற" என்றாள் ஆயம்மாள்.

"பேசாத. துண்ணு."

முதல் கவளம் வாய்க்குப் போகும்போது வாசலில் கார் நின்றது. டிபன் கடைக்காரர்களுக்கு எல்லாம் சீக்கிரம்தான் போல. தனசேகரன் இறங்கினார். ஐம்பது வயசு இருக்கும், நெற்றியில் திருநீறு, கையில் ரெக்சின் பை. பின்னால் அவர் மனைவி எழில்மதி, கண்ணாடி போட்டவள், எதையும் சும்மா பார்க்காதவள். அய்யப்பன் எங்கிருந்தோ ஓடி வந்தான். மேஸ்திரியும் மொபெட்டில் வந்து சேர்ந்தார், அதே வெள்ளை வேட்டி.

அய்யப்பன் சாலம்மாள் காதருகே வந்து, "பின்னால தோட்டத்துல போயி துண்ணச் சொல்லு, சீக்கிரம்" என்றான்.

அவள் சொல்வதற்கு முன்பே அந்தப் பெண்கள் இலையைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்திருக்க ஆரம்பித்தார்கள். ஆயம்மாள் ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையில் சோறு சிந்தாமல் இலையைப் பிடித்துக்கொண்டு, பாதி எழுந்துவிட்டாள். முகத்தில் வருத்தமோ கோபமோ கிடையாது. வீட்டுக்காரர் வந்தால் வேலைக்காரி நகர வேண்டும், அவ்வளவுதான், பழக்கம். சாலம்மாளுக்குக் கோபம் வந்தது. அவர்கள் மேல் இல்லை, தன் மேல்தான்.

"உக்காரு" என்றாள். சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "எல்லாரும் உக்காருங்க. ஒருத்தியும் இலைய விட்டு எழுந்திருக்கக் கூடாது."

உட்கார்ந்தார்கள். தனசேகரன் வாசற்படியில் ஒரு நொடி தயங்கினார்.

"விசேஷமா?" என்றார்.

"சொந்தக்காரங்கங்க, சின்ன விருந்து" என்று அய்யப்பன் முந்திக்கொண்டான். "நீங்க வாங்க, வந்து பாருங்க. தோ, இவருதான் கட்டன மேஸ்திரி. இந்தப் பக்கத்துல இவரக் கேக்காம எவனும் வூடு கட்ட மாட்டான்."

பிச்சைமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார். தளம் ஐந்து அங்குலம் என்றார், நாலரைதான். மெஷின் கலவை என்றார். வைப்ரேட்டர் விட்டு இறுக்கியது என்றார். தான் ராத்திரி பகலாகப் பக்கத்தில் நின்றதாகச் சொன்னார். பாயில் உட்கார்ந்திருந்த எட்டுப் பேரும் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இளையவள் சுபஸ்ரீக்கு மட்டும் புரை ஏறியது.

தனசேகரன் சுவரைத் தட்டினார், ஜன்னலைத் திறந்து மலையைப் பார்த்தார், அண்ணாந்து கூரையை மூலைக்கு மூலை பார்த்தார். ஒரு கீறல் இல்லை, ஒரு கசிவு இல்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"மேஸ்திரி, நல்ல கைங்க உங்களுக்கு. எனக்குப் பிடிச்சிருக்குது. அட்வான்ஸ் கையோடவே கொண்டாந்திருக்கன், இன்னிக்கே பேசி முடிச்சிக்கலாம்" என்று ரெக்சின் பையைத் தொட்டுக் காட்டினார்.

அய்யப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல காரியத்தைச் சூட்டோடு சூடாக முடிக்க வேண்டும் என்று மஞ்சள் பை ஒன்றைத் திறந்து வேட்டியும் துண்டும் எடுத்தான். அவனே வாங்கி வந்தது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துச் சாலம்மாள் கையில் திணித்தான்.

"யக்கா, மேஸ்திரிக்கு உன் கையால குடுத்துடு. பாக்கறதுக்கும் மங்களமா இருக்கும்" என்றான்.

பிச்சைமுத்து தோளில் கிடந்த பழைய துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். சாலம்மாள் தட்டோடு நின்றாள். நாலு அடி நடந்து கொடுத்துவிட்டால் முடிந்தது. மெஷின் வந்துவிடும், லாரி வந்துவிடும். இந்த மனுஷனிடம் இனி ஒரு நாள் கூடக் கைகட்டி நிற்க வேண்டாம். எல்லாம் தெரிந்துதான் நடந்தாள். ஆனால் கால் அவரிடம் போய் நிற்கவில்லை. அவரைத் தாண்டிப் போய்ப் பாயருகே மண்டியிட்டு, துண்டை எடுத்து உதறி, எச்சில் கையோடு உட்கார்ந்திருந்த ஆயம்மாள் தோளில் போட்டாள்.

"இந்தத் தளத்துக்கு மேஸ்திரி இவங்கதாங்க" என்றாள், தனசேகரனைப் பார்த்து. "இவங்க யாரும் எங்க சொந்தக்காரங்க இல்ல. இந்தத் தளத்த போட்டவங்க. இவங்க எட்டுப் பேரு, நானு, ஒம்போது பேரு. மெஷினும் இல்ல, ஒண்ணும் இல்ல, மண்வெட்டியால கலந்து போட்டோம். அன்னிக்கு இவரு இந்தத் தெருப்பக்கமே வரல. வேட்டி வாங்கறதுக்கு மட்டும் வந்தாரு. அப்ப குடுத்தது என் தப்பு. மறுபடி அந்தத் தப்ப பண்ண மாட்டன்."

அய்யப்பன் சுவரில் சாய்ந்துவிட்டான்.

பிச்சைமுத்துவின் முகம் செவசெவவென்று ஆனது. "இன்னா சாலம்மா, திமிரா? ஐயா, நல்லா கேட்டுக்கங்க. மேஸ்திரி இல்லாம பொம்பளைங்க அள்ளிக் கொட்டன தளம் இது. எந்த நேரத்துல தலையில எறங்கும்னு எனக்கே தெரியாது. சொல்லிட்டன், அப்பறம் உங்க இஷ்டம்" என்று கத்தினார்.

"இப்பதான அஞ்சு அங்குலம், வைப்ரேட்டர் விட்டன்னு சொன்னீங்க?" என்றாள் எழில்மதி. அவள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

 தனசேகரன் மெல்ல, ஒருவருக்கும் தெரியாமல் நகர்வதாக நினைத்துக்கொண்டு, கூடத்தின் நடுவிலிருந்து வாசற்பக்கம் நகர்ந்தார். சுபஸ்ரீ அதைப் பார்த்துவிட்டாள். இலையை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஐயா, பயப்படாதீங்க. அங்கியே நடுவுல நில்லுங்க. யக்கா, வாங்க போலாம்."

எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பின்பக்கம் ஏணி சாய்ந்திருந்தது. தலையில் கலவையோடு ஏறிப் பழகினவர்களுக்கு வெறுங்கையோடு ஏறுவது ஒரு வேலையா? எட்டுப் பேரும் மேலே போய்விட்டார்கள். ஆயம்மாள் துண்டைத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டு ஏறினாள். பிறகு மேலிருந்து சத்தம் கேட்டது. முதலில் கால் மாற்றி மாற்றி ஒரு தட்டு. அப்புறம் கைதட்டி, சுற்றி வந்து, கும்மி. அப்புறம் கும்மியெல்லாம் விட்டுவிட்டு எட்டுப் பேரும் ஒன்றாக எகிறிக் குதித்தார்கள். வேடியப்பன் படத்து மாலை லேசாக ஆடியது. மற்றபடி கூரையிலிருந்து ஒரு பொட்டுச் சுண்ணாம்பு உதிரவில்லை.

எழில்மதி கூடத்தின் நடுவில் போய் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் வாசற்படிக்கு வெளியே நின்று பார்த்தார்.

எட்டுப் பேரும் மூச்சு வாங்க இறங்கி வந்தபோது தனசேகரன் பையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். "வூடு நல்லாதான் இருக்குது. வூட்ல கலந்து பேசிட்டு போன் பண்றன்" என்றார். போன் பண்ணுகிறேன் என்று சொல்லிப் போனவன் பண்ணின கதை உண்டா? அவர் போய்க் காரில் ஏறி உட்கார்ந்தார், எழில்மதியும் பின்னால் போனாள்.

பிச்சைமுத்து வாசலில் நின்று விரலை நீட்டினார். "நாளையிலேர்ந்து உங்கள்ல ஒருத்தியும் என் சைட்டுல கால வெக்கக் கூடாது. எவன் வேல குடுக்கறான்னு பாக்கறன்." மொபெட்டை உதைத்துக் கிளப்பிப் புகை விட்டுப் போனார். அய்யப்பன் வேட்டியைப் பையில் திரும்பப் போட்டுக்கொண்டு, துண்டைக் கேட்கலாமா என்று ஆயம்மாளை ஒரு தரம் பார்த்துவிட்டு, கேட்காமல் போனான்.

அப்போதுதான் சாலம்மாளுக்கு உறைத்தது. வீடும் போகவில்லை, மெஷினும் வரவில்லை, இருந்த கூலியும் போயிற்று. தனக்குப் போனால் பரவாயில்லை. எட்டுப் பேர் வீட்டு அடுப்பிலும் அல்லவா தண்ணீரை ஊற்றிவிட்டாள்! நன்றி சொல்கிறேன் என்று கூப்பிட்டு நடுத்தெருவில் நிறுத்திவிட்டோமே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர்களைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் அண்டாவைக் கிளறினாள்.

"சோத்தப் போடுடி. குதிச்சதுல மறுபடி பசிக்குது" என்றாள் ஆயம்மாள், இலையின் முன் உட்கார்ந்தபடி.

"யக்கா, உங்க பொழப்பையும் சேத்து நான்…"

"போடுன்னா போடு. எட்டு வருசமா உன் வூட்டுல ஒரு வாய் ருசியா துண்ணல நானு."

பரிமாறிக்கொண்டிருக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. எழில்மதி தனியாகத் திரும்பி வந்திருந்தாள். கார் தெருமுனையில் நின்றது.

"வூட்ட பத்தி அவரு யோசிக்கட்டும், அது அவரு பாடு" என்றாள். "எங்க கடைக்குப் பின்னால மாவாட்டற ரூமு ஒண்ணு இருக்குது. சீமஓடு. மழ பேஞ்சா மாவுல ஒழுவுது. நாலு மாசமா மேஸ்திரிமாருங்க இன்னிக்கு வர்றன், நாளைக்கு வர்றன்னுதான் சொல்றாங்க, எவனும் வரல. சின்ன ரூமு. நீங்க வந்து தளம் போட்டுத் தருவீங்களா?"

கூடத்தில் எட்டுக் கைகள் இலைமேல் அப்படியே நின்றன. எல்லாரும் ஆயம்மாளைப் பார்ப்பார்கள் என்று நினைத்துத் திரும்பினாள் சாலம்மாள். ஆயம்மாள் உட்பட எல்லாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்ககிட்ட மெஷின் கெடையாதுங்க. கையாலதான் கலப்போம்" என்றாள்.

"பாத்தனே, கைய."

"ஷீட்டு வாடகைக்கு எடுப்போம். ஆரம்பிச்சா நடுவுல நிக்க மாட்டோம், அதனால சோறு சாயங்காலம்தான். ஆனா அந்தச் சோத்த உங்க கடையில, முன்னால மேசையில உக்காந்துதான் துண்ணுவோம். பின்கட்டுல உக்கார மாட்டோம். இதுக்குச் சம்மதம்னா சொல்லுங்க."

எழில்மதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "டிபன் கடைக்காரிகிட்ட மேச கேக்கறியா? போட்டுடலாம். எப்ப வர்றீங்க?"

"வியாழக்கெழம வந்து எடத்தப் பாக்கறோம்."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். கார் கிளம்பினதும் சுபஸ்ரீ கூவிய கூவலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

சாலம்மாள் உள்ளே போய்ப் புடவைத் தட்டை எடுத்து வந்தாள். ஒவ்வொருத்தி கையிலும் குனிந்து கொடுத்தாள். கடைசிப் புடவையைக் கொடுத்து முடித்ததும் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இருபத்திரண்டு வருஷமாகத் தான் கேட்டு வந்த அதே அதட்டலில் சொன்னாள்.

"வியாழக்கெழம காலையில அஞ்சு மணி பஸ்ஸு. கரியாலூர்க்காரங்க மொத நாளே வந்து இங்க படுத்துக்கங்க. லேட்டா வர்றவள நான் சேத்துக்க மாட்டன்."

"சரிங்க மேஸ்திரி" என்றாள் ஆயம்மாள்.